கேட்கத் தெரியாத தாகம்: கோடை வெயிலும் மறதி நோயுள்ள பெற்றோரும்

(ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

கத்திரி வெயில் தொடங்கி விட்டது. ஆற்றில் மணல்தான் கிடக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் நடமாட்டம் இல்லை. இந்த வாரம் நான் பேச நினைத்திருந்தது வேறு தலைப்பு. ஒரு சகோதரரிடமிருந்து வந்த போன் அதை மாற்றி விட்டது.

அவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். அவருடைய தாயார் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சொந்த வீட்டில் இருக்கிறார். நான்கு வருடமாக மறதி நோய். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு அம்மாவை வைத்திருக்கிறார்கள். மகள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர், வாரம் ஒரு முறை வந்து போவார். மகன் கூடத்தில் ஒரு கேமரா மாட்டி வைத்திருக்கிறார். ஒரு நாள் மதியம் வேலை இடைவேளையில் போனில் பார்த்தால், தாயார் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டு, கனத்த துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அணைக்கவில்லை, அவரேதான் எழுந்து போய் அணைத்திருக்கிறார். பார்த்துக்கொள்ளும் அம்மா பின்கட்டில் அசந்து தூங்கி விட்டார். இவர் போன் போடுகிறார், யாரும் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டினார். அல்லாஹ் காப்பாற்றினான், ஒன்றும் ஆகவில்லை.

அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், ராத்திரி பகலா இதே கவலையாத்தான் இருக்கேன். இந்தக் கவலையை அல்லாஹ் கணக்கில எடுத்துக்குவானா? இல்ல, பக்கத்துல இல்லாம போனதுக்கு என்னைப் பிடிப்பானா?"

சகோதரர்களே, இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, வழுத்தூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நம் டெல்டா ஊர்களில் எந்தத் தெருவில் நின்றாலும், பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளைப் பார்க்கலாம்.

கவலைப்படுவது ஈமானுக்குக் குறைவு இல்லை. யஃகூப் (அலை) அவர்கள் மகனுக்காகக் கவலைப்பட்டே கண் வெளுத்துப் போனார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (திர்மிதி). கவலைக்கும் அதே சட்டம்தான். இன்றைய உரையில் பெரும்பகுதி அந்தக் கயிறு என்ன என்பதுதான். கொஞ்சம் மருத்துவம் பேசுவேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ம் வசனம் நமக்கு மனப்பாடம். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் அவர்களை நோக்கி 'உஃப்' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று அல்லாஹ் தடுக்கிறான். 'உஃப்' பற்றி எத்தனையோ பயான் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் 'இந்தக' என்று ஒரு சொல் வருகிறது. 'உன்னிடத்தில்' என்று பொருள். முதுமை அடைந்தால் என்று மட்டும் சொல்லாமல், உன்னிடத்தில், உன் பொறுப்பில் இருக்கும்போது முதுமை அடைந்தால் என்று வருகிறது. வேலைக்கு ஆள் வைத்தாலும், முதியோர் இல்லத்தில் சேர்த்தாலும், நீங்கள் இரண்டாயிரம் மைல் தள்ளி இருந்தாலும், அவர்கள் இருப்பது உங்களிடத்தில்தான். பார்த்துக்கொள்ளும் கை வேறொருவருடையதாக இருக்கலாம், பொறுப்பு கை மாறுவதில்லை.

அந்நஹ்ல் 70-ம் வசனத்திலும் அல்ஹஜ் 5-ம் வசனத்திலும் 'அர்தலில் உமுர்' என்று ஒரு பருவத்தைப் பற்றி வருகிறது. எல்லாம் அறிந்திருந்த ஒருவர் பிறகு எதுவுமே அறியாதவராக ஆகிவிடுகிற தள்ளாத வயது. இந்த வயதுக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடினார்கள், ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அந்த துஆவைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் (புகாரி). நபியே பயந்து பாதுகாப்புத் தேடிய ஒரு நிலையில் உங்கள் தாய் இருக்கிறார் என்றால், அது எவ்வளவு பாரமான சோதனை என்று புரிந்துகொள்ளுங்கள். அது தண்டனை இல்லை. 'செய்த பாவம்' என்று யாராவது சொன்னால் அவர் வாயை அடையுங்கள். ஓதிப் பார்ப்பது நல்லது, ஓதுங்கள். ஆனால் சூனியம், ஜின் என்று இரண்டு வருடம் அலைந்துவிட்டு மூன்றாவது வருடம் டாக்டரிடம் போகிற பழக்கத்தை விட வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கும் சூனியம் வைக்க யாரால் முடியும்?

இனி வெயிலுக்கு வருவோம்.

வயதாக ஆக உடம்பில் தாக உணர்வு குறைந்து போகிறது. நாக்கு வறண்டாலும் மூளை 'தண்ணீர் குடி' என்று முன்போல் சொல்வதில்லை. மறதி நோயும் சேர்ந்தால், குடித்தோமா இல்லையா என்பது நினைவில் இல்லை, சொம்பு எங்கே என்பது நினைவில் இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றினாலும் அதற்கான வார்த்தை வாயில் வருவதில்லை. நம் வீட்டுக் குழந்தை தாகம் வந்தால் அழும். இவர்கள் அழவும் மாட்டார்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், நாமும் 'இன்னிக்கு அம்மா தொந்தரவு இல்லாம இருக்காங்க' என்று நினைத்துக் கொள்வோம். பயப்பட வேண்டிய அமைதி அது.

அதனால் கோடையில் 'தண்ணி வேணுமாம்மா?' என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் பதில் வரும். டம்ளரைக் கையில் கொடுங்கள். நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடியுங்கள். உங்களைப் பார்த்து அவர்களும் குடிப்பார்கள். நினைவு போனாலும் பழக்கம் போவதில்லை. ஒரே தடவையில் செம்பு நிறையக் கொடுக்காமல் அரை அரை டம்ளராக மணிக்கு ஒரு முறை கொடுங்கள். மோர், கஞ்சி, நீராகாரம், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். இதய நோய், சிறுநீரக நோய் இருந்து டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீறக் கூடாது. சிறுநீரக நோயாளிக்கு இளநீரும் ஆபத்து, கேட்காமல் கொடுக்காதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா? அப்படியானால் கஞ்சி போலக் கெட்டியாக இருப்பதைக் கொடுப்பது நல்லது. அதையும் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இதற்கு நம் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது, பாங்கு சத்தம். மகன் பெயர் மறந்த தாய்கூட பாங்கு சொன்னால் முந்தானையை இழுத்துத் தலையில் போடுவதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு பாங்குக்கும் ஒரு டம்ளர் என்று வைத்துவிடுங்கள். ஆனால் கோடையில் ஃபஜ்ருக்கும் ளுஹருக்கும் இடையில்தான் பெரிய இடைவெளி, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். வெயில் ஏறுகிற நேரமும் அதுதான். அங்கே ஏழு, ஒன்பது, பதினொன்று என்று நீங்களே பாங்கு மாதிரி நேரம் குறித்துக் கொள்ள வேண்டும். அப்புறம் உளூ. புத்தி பேதலித்தவர், தெளிவு வரும்வரை, எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவரில் ஒருவர் என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸ். நினைவு முழுதும் போனவர் மீது தொழுகை கடமை இல்லை. ஆனாலும் நடுப்பகலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அவர் கைகளையும் முகத்தையும் கால்களையும் மெதுவாகக் கழுவி விட்டுப் பாருங்கள். அறுபது வருடப் பழக்கம், மறுக்க மாட்டார். தோல் நனைந்து காற்று பட்டால் உடம்புச் சூடும் இறங்கும்.

சில தாய்மார்கள் தண்ணீரைத் தள்ளிவிட்டு 'நான் நோன்பு' என்பார்கள். திங்கள், வியாழன் நோன்பு வைத்துப் பழகியவர்கள். பெண் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள், நோன்பை முறித்த பாவம் எங்களுக்கு வருமா என்று. வராது. கடமையான நோன்பே அவர் மீது இல்லை. நோன்பு வைத்திருப்பவர் மறந்து உண்டாலோ பருகினாலோ, அவருக்கு உணவும் நீரும் தந்தது அல்லாஹ்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி). ஒரு தடவை மறந்தவருக்கே இப்படி என்றால், மறதியிலேயே வாழ்கிறவருக்கு? வாதாடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து அதே டம்ளரோடு வாருங்கள். (மறதி வந்து வந்து போகிற ஆரம்ப நிலையில் உள்ளவர்களின் தொழுகை, நோன்பு விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் தனியாகக் கேட்டுக் கொள்ளுங்கள்.)

குகைக்குள் மாட்டிக்கொண்ட மூன்று பேரின் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவர்களில் ஒருவர் வயதான தாய் தந்தைக்குப் பாலைக் கறந்து எடுத்து வருகிறார், அவர்கள் தூங்கி விட்டார்கள். எழுப்ப மனமில்லை. அவர்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மனமில்லை. கையில் பாத்திரத்தோடு ஃபஜ்ர் வரை நின்றார். அந்த அமலைச் சொல்லி துஆ செய்தார், பாறை நகர்ந்தது. இந்த ஹதீஸை நான் பல முறை பேசியிருக்கிறேன். அந்த சகோதரரின் போனுக்குப் பிறகுதான் வேறு ஒன்று பட்டது. அந்தப் பெற்றோர் பால் கேட்கவில்லை. அவர்கள் எப்போது கண் விழிப்பார்கள், அப்போது என்ன தேவைப்படும் என்பது மகனுக்குத் தெரிந்திருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே பாத்திரம் கையில் இருந்தது.

இன்னொரு விஷயம் ஆடை. அந்தத் தாயார் துப்பட்டியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார் அல்லவா? எங்கோ புறப்பட வேண்டும் என்று அவருக்கு நினைப்பு. மறதி நோயுள்ளவர்கள் சட்டைக்கு மேல் சட்டை போடுவதும், சூடு தெரியாமல் போர்த்திக்கொள்வதும் சாதாரணம். ஆனால் நம் வீடுகளில் அதை எடுக்கப் பிள்ளைகள் தயங்குகிறார்கள், 'உம்மா ஆயுசு முழுக்கப் பேணின பர்தா' என்று. அந்த மரியாதை நல்லது. ஆனால் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். அந்நூர் 60-ம் வசனத்தைப் பாருங்கள். திருமணத்தை எதிர்பார்க்காத வயதை அடைந்த பெண்கள், அலங்காரத்தைக் காட்டும் நோக்கம் இல்லாமல், மேலாடையைக் களைந்து வைப்பதில் குற்றமில்லை என்று வருகிறது. வீட்டுக்குள், வெயில் காலத்தில், மெல்லிய பருத்தித் துணி போதும். பிடுங்காதீர்கள். மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் கொடுத்து, கனத்ததை மெதுவாக வாங்கிக் கொள்ளுங்கள்.

'நம்ம ஊர்ல 40 டிகிரியெல்லாம் வராது ஹஜ்ரத், கடற்கரை' என்று அதிராம்பட்டினம், நாகூர்க்காரர்கள் சொல்வார்கள். சமவெளியில் 40 டிகிரியிலிருந்து வெப்ப அலைக் கணக்கைத் தொடங்கும் வானிலைத் துறையே, கடலோரத்தில் 37 டிகிரியிலேயே தொடங்குகிறது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. பாட்டன் காலத்து ஓட்டு வீட்டில் முற்றம் வழியாகச் சூடு மேலே போய்விடும். இப்போது வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய கான்கிரீட் வீடுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் அறைக்குள் கக்குகின்றன. பெரியவர்களை மாடியில் படுக்க வைக்காதீர்கள். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வைக்கவே வைக்காதீர்கள். பகலில் வெயில் பக்க ஜன்னலுக்கு ஈரத்துணியோ தட்டியோ கட்டி, சாயங்காலம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். 40 டிகிரியை நெருங்கிவிட்டால் ஃபேன் மட்டும் போதாது, சூட்டைத்தான் வாரி வீசும். தோலை நனைக்க வேண்டும்.

ஆண்களிடம் வேறு ஆபத்து. எழுபது வருடம் வயலும் வாய்க்காலுமாக இருந்தவருக்கு, மே மாதத்தில் திடீரென்று குறுவைக்கு நாற்று விட வேண்டும் என்று நினைப்பு வந்துவிடும். உச்சி வெயிலில் மடையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். ஆற்றில் குளிக்கப் போவார், அங்கே தண்ணீர் இருக்காது. திரும்பி வர வழி தெரியாது. கதவைப் பூட்டி வைப்பது தீர்வு ஆகாது, உள்ளே மாட்டிக்கொண்டால் அதுவும் ஆபத்து. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் யாராவது ஒருவர் அவரை வாய்க்கால் வரை அழைத்துப் போய் வந்தால், பத்து மணிக்கு மேல் அந்தப் பரபரப்பு அடங்கும். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். இந்த உரையைக் கேட்கும் டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர் யாராக இருந்தாலும், நடுப்பகலில் தனியாக நடக்கிற பெரியவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள்.

வெயிலில் அவர்களை ஜுமுஆவுக்கு இழுத்துக்கொண்டு வருவதும் வேண்டாம். கடும் வெயிலில் ஒரு பயணத்தின்போது முஅத்தின் ளுஹருக்குப் பாங்கு சொல்லப் போனபோது, மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை நபி (ஸல்) அவர்கள் தாமதிக்கச் செய்தார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). வெயிலுக்காகத் தொழுகை நேரத்தையே தள்ளி வைத்த மார்க்கம் இது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் பிரிவதற்கான மாத்திரை, தூக்கத்துக்கும் கோபத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும், அல்லது வியர்வையைத் தடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போது மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? நல்ல நினைவோடு இருப்பவருக்கு வெயில் தாக்கினால் உளறுவார், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இவர்கள் எப்போதும் குழப்பத்தில் இருப்பதால் 'வழக்கமான உளறல்தானே' என்று விட்டுவிடுகிறோம். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நேற்று உட்கார்ந்து சாப்பிட்டவர் இன்று எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. நேற்று அமைதியாக இருந்தவர் இன்று அடிக்கிறார். சிறுநீர் குறைந்து, நிறம் அடர்ந்து போயிருக்கிறது. நாக்கு ஒட்டுகிறது. தோல் நெருப்பாகச் சுடுகிறது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை நிழலுக்குக் கொண்டு வந்து, ஆடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு 104, முதியோர் உதவிக்கு 14567. இந்த மூன்று எண்களையும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போனில் மட்டும் இருந்தால் போதாது.

இப்போது 'உஃப்' பற்றி. 'எப்ப வருவே?' என்று ஒரே போனில் பதினாறு தடவை கேட்பார்கள். பதினேழாவது தடவை நம் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வரும். பேசவில்லை, மூச்சுதான் விட்டோம். அதுதான் 'உஃப்'. அவர்களுக்கு வார்த்தை மறக்கிறது, குரலில் இருக்கும் எரிச்சல் மறப்பதில்லை. அன்று முழுவதும் முகம் வாடியிருக்கும், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. பதினேழாவது தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்வது லேசான இபாதத் இல்லை. கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற மகளும் மருமகளும் தினமும் செய்வது அதைத்தான். தூரத்தில் இருக்கிற ஆண்மக்கள் போனில் அவர்களை அதிகாரம் செய்வதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சம்பளத்துக்குப் பார்க்கிற அம்மாவைப் பற்றி அந்த சகோதரர் கோபமாகப் பேசினார். நான் கேட்டேன், அவர் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்? இருபத்து நான்கு மணி நேரம். ராத்திரி தாயார் எத்தனை முறை எழுகிறார்? நான்கைந்து முறை. பிறகு மதியம் அவர் தூங்காமல் என்ன செய்வார்? கூலியாளுக்கு வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம் (இப்னுமாஜா). அந்த அம்மா தூங்குகிற அறைக்கும் ஃபேன் வேண்டும், அவருக்கும் மோர் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் மாற்று ஆள் போட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார், உங்கள் தாயும் தனியாக இருக்க மாட்டார். அவருக்குச் செய்கிற உபகாரம் உங்கள் தாயிடம்தான் வந்து சேரும்.

இல்லத்தில் சேர்த்தவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பள்ளிவாசலில் தலை குனிந்து உட்காருகிறார்கள், எனக்குத் தெரியும். வேறு வழியே இல்லாமல், நல்ல இடம் பார்த்துச் சேர்த்து, அடிக்கடி போய்ப் பார்க்கிறவரைப் பழித்துப் பேச நமக்கு உரிமை இல்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு பின்னறையில் மறந்துவிட்டவர் அவரைவிட மோசம் என்பது என் கருத்து. ஆனால் சேர்த்ததோடு கடமை முடியவில்லை. போய் நின்று கேளுங்கள்: அறை மேல் மாடியிலா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? ராத்திரி எத்தனை பேருக்கு ஒருவர் பார்க்கிறார்? எந்தெந்த நேரத்தில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு இருக்கிறதா? முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்.

அபூபக்ர் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரத் புறப்படும்போது தந்தை அபூகுஹாஃபா மக்காவில். வயதானவர், கண் பார்வை இல்லை. மகன் பணத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்று கிழவர் கலங்குகிறார். பேத்தி அஸ்மா (ரலி) என்ன செய்தார்? பணம் வைக்கிற மாடக்குழியில் கற்களை வைத்து, துணியால் மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன் மீது வைத்தார். கிழவர் மனம் ஆறினார். அந்த முதியவரை அமைதிப்படுத்தவே அப்படிச் செய்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார் (இப்னு ஹிஷாம்). பொய் சொல்லலாம் என்று நான் இதை வைத்து ஃபத்வா கொடுக்கவில்லை. கலங்கிய முதியவரிடம் வாதாடாமல், கையைப் பிடித்து அவர் மனதை அடக்கத் தெரிந்த ஒரு பெண்ணைக் காட்டுகிறேன். எட்டு வருடம் கழித்து மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில், அபூபக்ர் (ரலி) அவர்கள் தந்தையைக் கையைப் பிடித்து நபியிடம் அழைத்து வருகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள்: பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் (அஹ்மத்). வெற்றித் தலைவர், கண் பார்வை இல்லாத ஒரு முதியவரின் வீட்டுக்குத் தாமே போகத் தயாராக இருந்தார்கள்.

இதிலிருந்து ஜமாஅத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் பெரும் வெப்ப அலை அடித்தது. இரண்டு வாரங்களில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் 75 வயதைத் தாண்டியவர்கள். அங்கே ஆகஸ்ட் விடுமுறைக் காலம், பிள்ளைகள் ஊரில் இல்லை. பாரிஸில் யாரும் வந்து கேட்காத 57 பேரைச் செப்டம்பரில் அரசே அடக்கம் செய்தது, அதிபர் சிராக் நேரில் வந்து நின்றார். 'அவங்க நாட்டுல அப்படித்தான்' என்று சிரிக்காதீர்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரு மாதம் ஊரில் இல்லை. நம் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் சட்டமே போட்டார்கள்: ஒவ்வொரு ஊராட்சியும் தனியாக இருக்கிற முதியோரின் பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொடர்பு கொள்ள வேண்டும். நம் தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. நிவாரணம் மௌத்துக்குப் பிறகு வருவது. பட்டியல் அதற்கு முன்னால் வேண்டியது.

பிரான்ஸ்காரன் புதிதாகச் சட்டம் போட்டுச் செய்த பட்டியல் நம் பள்ளிவாசலில் ஏற்கனவே இருக்கிறது. சந்தா நோட்டு, நிக்காஹ் பதிவேடு, மஹல்லா குடும்பப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. அதில் தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கு நேரே ஒரு குறி போட எவ்வளவு நேரம் ஆகும்? இந்த இரண்டு மாதம் தெருவுக்கு இரண்டு வாலிபர், பெண்கள் இருக்கிற வீட்டுக்குப் பெண்கள் மதரஸாவிலிருந்து இரண்டு பேர், காலை பதினோரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் கதவைத் தட்டி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள், இறந்துபோன தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீர் என்றார்கள், அவர் கிணறு வெட்டினார் (அபூதாவூத்). உம்மா மௌத்தான பிறகு அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம், நல்லது. உம்மா உயிரோடு இருக்கும்போது அந்தத் தண்ணீர் முதலில் உம்மாவுக்குப் போகட்டும். முத்தவல்லி அவர்களிடம் பேசிவிட்டேன். தொழுகை முடிந்ததும் பெயர் கொடுக்கிற வாலிபர்கள் அலுவலக அறைக்கு வாருங்கள்.

அந்த சகோதரருக்கு நான் சொன்ன பதில்: உங்கள் கவலையை அல்லாஹ் அறிவான். நீங்கள் அங்கே இல்லாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் அல்ல, அங்கே இல்லாதபோது செய்ய முடிந்ததைச் செய்தீர்களா என்பதற்குத்தான் கேள்வி இருக்கும் என்று நம்புகிறேன். விடுமுறை கிடைத்தால் வேறு எங்கும் போகாமல் இந்தக் கோடையிலேயே வாருங்கள். அவர் இப்போது நம் ஊர் நேரத்தில் பதினோரு மணிக்குப் போன் செய்கிறார், அங்கே அது மதியம் ஒன்றரை, சாப்பாட்டு இடைவேளை. கேமராவில் பார்ப்பதோடு விடுவதில்லை. அங்கே அவர் கையில் ஒரு டம்ளர், இங்கே உம்மா கையில் ஒரு டம்ளர். 'பிஸ்மில்லாஹ் சொல்லுங்கம்மா' என்கிறார். இரண்டு பேரும் குடிக்கிறார்கள். கேமரா திடீரென்று கறுத்துப் போனால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போகிறது. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மாற்று ஆள் கிடைத்துவிட்டது. நேற்று அவர் சொன்னார், உம்மாவுக்கு இன்னும் அவர் யார் என்று தெரியவில்லையாம். "யாரோ நல்ல புள்ள, தினமும் தண்ணி குடிக்கச் சொல்லுது" என்று மகளிடம் சொன்னாராம்.